வேலிக்கருவை, சஹம்

இருபத்து நாலு குதிரைச் சக்தி. காகிதத்தில்.
பின்னால் சிமெண்ட் நிரப்பிய பீப்பாய் இல்லையென்றால்
கட்டையைத் தூக்கும்போது
பந்தியில் பாதியில் எழுகிறவனைப் போல
பின்சக்கரங்கள் மெல்ல எழும்பும்.

அதனால் முட்டிக்கு மேல் தூக்குவதில்லை.
பெரிய கட்டை என்றால் தூக்குவதே இல்லை.
சங்கிலியில் சுருக்குப் போட்டு
கொக்கியைத் தாழ மாட்டி இழுப்பேன்.
உயரத்தில் மாட்டிய ஒருவன்
வண்டியோடு மல்லாந்ததை
மொக்லேஸ் பார்த்திருக்கிறானாம், சுவைக்கில்.
பார்த்தவன் அவன். கனவு வருவது எனக்கு.

மணலில் கட்டையின் மூக்கு புதையும்.
அதற்கு ஒரு கொரொல்லா பானட்,
பழைய இரும்புக் கடையில் அரை ரியால்.
மூக்கை அதில் ஏற்றிக் கட்டிவிட்டால்
வெள்ளை பானட் வழுக்கிக்கொண்டே வரும்,
கார் எங்கேயோ கிடக்க.

சாலையை அகலமாக்க வெட்டியவை,
வாதியில் வேரோடு பிடுங்கியவை,
எல்லாம் நகராட்சிக் கிடங்குக்கு வரும்.
வேம்பு.
பேரீச்சை. அது கட்டையே இல்லை, நார் மூட்டை.
காஃப் என்பது நம் வன்னி,
தானாக விழுந்தால்தான் இங்கே வரும்,
வெட்டினால் அபராதம்.
சித்ர் என்பது இலந்தை.
மீதி முழுக்க வேலிக்கருவை.
இங்கே அதற்கு குவைஃப் என்று பெயர்.
பெயரை மாற்றிக்கொண்டு
எனக்கு முன்பே விசா எடுத்திருக்கிறது.

முதுகுளத்தூரில் இதை
மூட்டம் போட்டுக் கரியாக்கினோம், நானும் சித்தப்பாவும்.
தண்ணீரைக் குடித்துவிடும் என்பதைத் தவிர
அதைப் பற்றி யாரும் வேறு எதுவும் சொன்னதில்லை.

வியாழக்கிழமை சுவைனா பின்த் ஹமூத் வந்தார்.
சிவப்புப் பிக்கப், டேஷ்போர்டில் நான்கு உளி.
கதவு செதுக்குகிறவர், சாம்பிராணிப் பெட்டியும்.
வேம்பைத் தட்டினார். காதை வைத்தார். வேண்டாம்.
இலந்தையை, அவர் கேட்காமலே,
முன்னால் உருட்டி வைத்திருந்தேன்.
முனையில் நட்சத்திரமாய் வெடிப்பு.
எவ்வளவு தூரம் போயிருக்கிறதென்று
மெல்லிய கம்பியை உள்ளே விட்டார்.
ஒரு சாண். வேண்டாம்.

பிறகு எரிக்க வைத்த குவியலைக் காட்டினார்.
"அடியில் இருக்கிறதே, அது."
"அது குவைஃப், மேடம்."
"எனக்குத் தெரியாதா?"

மேலே கிடந்த பதினான்கை நகர்த்தி
அதை முள்கரண்டியில் ஏந்தி
பிக்கப்புக்குப் பாதி தூரம் வந்தபோது
இடது முன்சக்கரம் சீறியது.
முள். கட்டைவிரல் நீளம்.
வண்டி ஒரு பக்கம் சாயச் சாய
லீவரை அழுத்தி இறக்கினேன்;
நல்லவேளை, முட்டிக்குக் கீழேதான் இருந்தது.
மொக்லேஸ் பம்பு தேடி ஓடினான்,
திட்டிக்கொண்டே, என்னை அல்ல, மரத்தை.

அவர் காத்திருக்கவில்லை.
விழுந்த இடத்திலேயே ரம்பத்தை எடுத்து
முனையில் ஒரு சாண் அறுத்துத் தள்ளினார்.

ஓரம் மஞ்சள், வண்டு தின்ற மாவு.
அதற்கு உள்ளே
கருப்பட்டிப் பாகு இறக்கும் பதத்தில் இருக்கும் நிறம்.
நான் குனிந்து முகர்ந்தேன்.
கரி வாசனை இல்லை.

"மஞ்சளைச் சீவிவிடுவேன்.
நடுச்சோற்றை இரண்டாகப் பிளந்து நீக்குவேன்.
மிச்சம் அசையாது.
ஆகஸ்டிலும் மூடும், ஜனவரியிலும் மூடும்."
இவ்வளவுதான் சொன்னார். அதுவும்
உளியைத் துணியில் துடைத்துக்கொண்டே, கதவைப் பற்றி.

மூன்று ரியால், நகராட்சி ரசீது.
அன்று இரவு முதுகுளத்தூர் மூட்டத்தில்
என்னென்ன போயிருக்கும் என்று
கணக்குப் போடத் தொடங்கினேன்.
மூன்றாவது மூட்டையில் நிறுத்திக்கொண்டேன்.

இப்போது கருவை வந்து இறங்கினால்
ஒரு மணி நேரத்துக்குள், வெயில் பிளக்கும் முன்,
சாலைக்கோடு போட்டு மிஞ்சிய பெயிண்டை
இரண்டு முனையிலும் அப்பிவிடுகிறேன்.
கிடங்கெங்கும் மஞ்சள் வட்டங்கள்.
இங்கே யார் பார்க்கிங் போடுவது என்று
முதீர் இரண்டு முறை கேட்டுவிட்டார்.

அறுத்துத் தள்ளிய அந்த ஒரு சாண் துண்டு
எடுத்துப் போக ஆளில்லாமல் கிடந்தது.
ஆப்பாகச் செதுக்கி
சாய்வில் நிறுத்தும்போது
பின்சக்கரத்துக்கு அணை கொடுக்கிறேன்.
அசைவதில்லை.
முன்சக்கரத்துக்கும் அதற்கும்தான்
இன்னும் பேச்சுவார்த்தை இல்லை.